பணிப்பட்டியலில் இல்லாத விளக்கு

அரசு அலுவலகங்களில் எந்த மதத்தின் கடவுள் படத்தையும் புதிதாக மாட்டக் கூடாது; ஏற்கெனவே மாட்டியிருப்பவற்றைப் படிப்படியாக, எவர் மனமும் புண்படாத வகையில் அகற்றிவிட வேண்டும். அறுபதுகளின் கடைசியில் வந்த ஒரு சுற்றறிக்கையின் சாரம் இது. வாசகம் இப்போது என் கையில் இல்லை. ஆனால் அதை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் ஓட்டி, முழங்கை வரை மையோடு எல்லாப் பிரிவுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் கண்காணிப்பாளர் அதை வாங்கிப் படித்தார், கையெழுத்துப் போட்டார், தலைக்கு மேலிருந்த முருகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், கோப்பில் சேர்க்கச் சொன்னார். முருகன் அங்கேயே இருந்தார். பல வருடம் கழித்து, அலுவலக வளாகத்துக்குள் வழிபாட்டுக்கென்று எதையும் கட்டக் கூடாது என்று இன்னோர் உத்தரவும் வந்தது. அதையும் கோப்பில் சேர்த்தோம்.

அரசு ஒன்றை உடனே செய்யச் சொன்னால் சில வருடங்களில் நடக்கும். படிப்படியாகச் செய்யச் சொன்னால் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்ததில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்ட சில விஷயங்களில் இது ஒன்று.

மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, மரக்காணத்துக்கு வெளியே, உப்பளத்துப் பக்கம் இறங்கும் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே பாத்தி பாத்தியாக அளம். ஜன்னல் கம்பி ஒரே வருடத்தில் துருப்பிடித்தது. புத்தக அலமாரிக் கண்ணாடியை வாரம் தவறாமல் துடைக்காவிட்டால் உள்ளே இருப்பது எந்தப் புத்தகம் என்று தெரியாது. பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று யாராவது மனு எழுதித் தரச் சொல்லி வந்துகொண்டே இருந்தார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மனுக்களைத் திருப்பி அனுப்பிய கை இது. எந்த இடத்தில் திருப்புவார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

2005 மார்ச்சில் ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். எங்கள் பகுதியில் இருந்த ஒரு சிறிய அரசு அலுவலகத்தில் பத்து வருடமாகப் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற துறைகள் தங்களைப் பற்றி இல்லை என்று நிம்மதி அடைந்துவிடும். அவள் கணவன் அளத்தில் உப்பு வாருகிறவன். கிறிஸ்தவக் குடும்பம். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள்.

"மேடம், மெமோ குட்த்துட்டாரும்மா."

பிரித்துப் பார்த்தேன். பதினேழு (அ) பிரிவின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அலுவலகத் தலைவர் இட்ட காலை நேரப் பணிகளைச் செய்ய மறுத்து, மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் நடந்துகொண்டதற்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் அளிக்க வேண்டும்.

"காலை நேரப் பணின்னா என்னம்மா? பெருக்கலியா?"

"பெருக்காம இன்னா மேடம். ஏழு மணிக்கே போய்ப் பெருக்கி, தண்ணி புடிச்சு வெச்சு, எல்லாம் முடிச்சிட்டுதான் வர்றேன். வெளக்கு ஏத்த மாட்டேன்னு சொன்னேன். அதான்."

அந்த அலுவலகத்தை எனக்குத் தெரியும். இரண்டு அறை, முன்னால் ஒரு தகரக் கொட்டகை. தலைவர் நாற்காலிக்கு மேலே சுவரில் ஏழு சாமி படங்கள். இவள் தினமும் ஈரத்துணியால் அவற்றைத் துடைப்பாள். உப்புக் காற்றில் ஒரே நாளில் கண்ணாடி மேல் வெள்ளையாகப் படிந்துவிடும்; துடைக்காவிட்டால் எது லட்சுமி, எது சரஸ்வதி என்று சொல்ல முடியாது. பத்து வருடமாக அதைப் பற்றி அவளுக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை.

டிசம்பரில் அலை வந்தது. எங்கள் கரையில் அது செய்ததை இங்கே சொல்லப் போவதில்லை. அந்த அலுவலகம் மேட்டில் இருந்ததால் தப்பியது, கோப்புகள் நனையவில்லை. அதற்கு நன்றிக்கடனாக, அலுவலகத் தலைவராக இருந்த அலுவலர் கொட்டகையின் ஒரு மூலையில் இடுப்பளவுக்கு மேடை எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, மணி தொங்கவிட்டு, ஏழு படங்களையும் அங்கே குடியேற்றினார். பத்தே காலுக்கு வந்து பத்தரைக்குக் கற்பூரம் காட்டுவார். மனு கொடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். நிற்காவிட்டால் மனு என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் தன் கையாலேயே செய்துகொண்டிருந்த வரைக்கும் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, தான் வருவதற்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பூ வாங்கி வைத்து விளக்கேற்றும் வேலை துப்புரவுப் பணியாளருக்கு வந்து சேர்ந்தது.

"நீ என்ன சொன்னே?"

"தொடைக்கிறது வேலைங்க சார், தொடைக்கிறேன். ஏத்துறது வேலை இல்லீங்க சார். அவ்ளோதான் சொன்னேன். கொரலக்கூட ஒசத்தல."

இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்கு எங்கள் துறையில் மூன்று பக்கம் எழுதி, அதற்கு ஒரு தெளிவுரையும் கேட்டிருப்பார்கள்.

மெமோவை விட எனக்குக் கவலை தந்தது வேறு விஷயம். பத்து வருடம் முடித்த பகுதிநேரப் பணியாளர்களை முழுநேர அலுவலக உதவியாளர்களாக எடுக்க மாவட்டத்தில் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது; ஏப்ரலில் சென்னைக்குப் போகும். அதில் அவள் பெயர் முதலாவது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கிறவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். அடுத்த பட்டியல் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு அப்போதே நாற்பத்தொரு வயது. மெமோவை ரத்து செய்ய வைக்காவிட்டால் அவள் கடைசிவரை பகுதிநேரம்தான். இது அவளுக்கும் தெரியும், அலுவலருக்கும் தெரியும்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். அலுவலருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. நான் பணியில் இருந்தபோது மாவட்ட அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார். எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார்.

"மேடம், நீங்க போய் இதுக்கெல்லாம் வரணுமா? போன்ல சொல்லியிருந்தா..."

"போன்ல சொன்னா ரெக்கார்டு இருக்காது சார். அந்த மேடைக்கு அனுமதி வாங்குனீங்களா?"

"மேடை இல்ல மேடம், அது ஷெல்ஃப். படம் வைக்கிற ஷெல்ஃப்."

"ஷெல்ஃபுக்கு மணி எதுக்கு?"

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊரே செத்துக் கெடந்துது மேடம். ஆளுங்க வந்து இங்கதான் படுத்தாங்க. ஒரு நம்பிக்கைக்கு வெச்சேன். இதுல என்ன தப்பு?" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் உண்மையாகத்தான் கேட்டார். நானும் உண்மையாகவே சொன்னேன். "நம்பிக்கைக்கு வெச்சது உங்க விருப்பம். அவளை ஏத்தச் சொன்னது உத்தரவு. உங்க நம்பிக்கைக்கு அவ எதுக்கு சார் மெமோ வாங்கணும்?"

"சரி, படத்தையெல்லாம் எடுத்துடுறேன்னு வெச்சுக்குங்க. எடுக்க முடியாது மேடம். ஸ்டாக்ல இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் இருப்புப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பல வருடத்துக்கு முன்பு இருந்த ஓர் எழுத்தர் அதிகக் கடமையுணர்ச்சி உள்ளவர் போலும். நாற்காலி, ஸ்டூல், குடிநீர்ப் பானை ஆகியவற்றை அடுத்து 'சாமி படம், கண்ணாடிச் சட்டமிட்டது, ஏழு' என்று சேர்த்திருந்தார். ஒவ்வொரு படத்தின் சட்டத்திலும் ஓரமாக வெள்ளைப் பெயின்டில் எண். பிள்ளையார் நாற்பத்தொன்று. முருகன் நாற்பத்திரண்டு. வருடா வருடம் தணிக்கையில் எண்ணிச் சரிபார்த்து, ஏழு படமும் உள்ளது என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தடை செய்யப்பட்ட ஒரு பொருளை இத்தனை ஒழுங்காகப் பராமரித்த அலுவலகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"பதிவேட்டுலேர்ந்து நீக்க வழி இருக்கே சார். உபயோகமற்றதுன்னு சான்று போட்டுக் கழிச்சுக் கட்டுங்க."

"பிள்ளையார் உபயோகமற்றவருன்னு நான் கையெழுத்துப் போடணுமா மேடம்? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

அங்கிருந்த எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். சிரித்துச் சிரித்தே தள்ளிப்போட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று என்று திரும்பி நடக்கும்போது தோன்றியது.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள் நான். பணியில் இருந்தபோது என் பிரிவில் வெள்ளிக்கிழமைதோறும் பூஜை நடந்தது. பொரியும் கடலையும் பங்கு போட்டவள் நான்தான். எங்கள் தட்டச்சர் ஒரு முஸ்லிம். வெள்ளிக்கிழமை பூஜை நேரத்தில் அவர் வெளியே சைக்கிள் கொட்டகையில் நின்று, மணிச் சத்தம் ஓய்ந்த பிறகு உள்ளே வருவார். ஆறு வருடம் அப்படி வந்தார். ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அவர் பங்குப் பொரியைக் காகிதத்தில் மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, நல்லது செய்ததாக நினைத்துக்கொள்வேன். சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த கையும் பொரி மடித்த கையும் ஒன்றுதான். எனவே இந்த விஷயத்தில் நான் யோக்கியமானவள் என்று எழுத மாட்டேன். தாமதமாக விழித்துக்கொண்டவள் என்று எழுதலாம். பல கோப்புகளில் அப்படி எழுதி மன்னிப்பு வாங்கியிருக்கிறேன்.

நான் அலுவலகத்துக்குப் போய் வந்த செய்தி பரவியது. பால் ஊற்றுகிறவர் பாலை அளந்துகொண்டே கேட்டார்: "இன்னாம்மா, சர்ச்சுல சேர்ந்துட்டீங்களாமே? பெருமாள் கோயில்ல நீங்க போட்ட டியூப்லைட்ட அவுத்துரலாமான்னு பேசிக்கினு இருக்காங்க."

"அவுக்கச் சொல்லு. ரசீது என்கிட்ட இருக்கு."

மறுபக்கத்திலிருந்தும் வந்தார்கள். சர்ச்சின் பங்குப் பேரவையில் இருக்கும் ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டையும் கையில் டைரியுமாக, அவளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவரிடம் ஒரு சமாதானத் திட்டம் இருந்தது. "மேடம், சண்டை எதுக்கு? அந்த ஷெல்ஃபுல நம்ம மாதா படம் ஒண்ணு வெச்சிரலாம். பாய்ங்க கேட்டா மெக்கா படமும் வெச்சிக்கட்டும். எல்லாருக்கும் சமமா போயிரும். ஆபீசர்கிட்ட பேசிட்டேன், அவரும் ஓகேன்னாரு."

அலுவலருக்கு ஓகேவாகத்தான் இருக்கும். ஏழு, எட்டாகும், மாதாவுக்கும் ஓர் எண் போடுவார்கள், மேடை சர்வமத மேடையாகிவிடும், அதன் பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது.

நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "மாதாவையும் நான்தான் தொடைக்கணும், அதுக்கும் நான்தான் ஏத்தணும். எனக்கு இன்னா அண்ணே லாபம்? ஏழு வேலை எட்டாவுது."

பெரியவர் டைரியை மூடினார்.

அடுத்த வாரம் அலுவலர் அவளிடமே நேராகப் பேசினார். வெள்ளிக்கிழமை மட்டும் ஏற்றினால் போதும், மெமோவைக் கிழித்துவிடுகிறேன், பட்டியலுக்குப் பரிந்துரையும் எழுதுகிறேன். அவள் அதை வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். கூட அவள் கணவனும் வந்திருந்தான். அளத்திலிருந்து நேராக வந்தவன்; கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"மேடம், வாரத்துல ஒரு நாளு. ஒரு தீக்குச்சி. இதுக்குப் போய் வேலைய வுடுறதான்னு நீங்களே கேளுங்க" என்றான்.

நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் அவன் பக்கம் சாய்ந்தேன் என்பதுதான் உண்மை. அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் ஏப்ரலில் அவள் முழுநேரம். விதியைக் காப்பாற்ற அவள் குடும்பம் எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்? அவள் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் மறுவார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

"பக்கத்து வூட்டு அக்கா மாசமா இருந்தாங்க இல்ல," என்றாள் அவனைப் பார்த்து. "குனிய முடியாம. அவங்க சாமிக்கு ரெண்டு மாசம் யார் ஏத்துனா? நான்தான ஏத்துனேன். நீ ஒண்ணும் சொல்லல, ஃபாதரும் ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க, ஏத்துனேன். அந்த சாமிக்கும் எனக்கும் சண்ட கெடையாது. இவரு கேக்கலய்யா. மெமோ குட்த்து ஏத்தச் சொல்றாரு. இன்னிக்கு ஏத்துனா, நான் தப்பு பண்ணேன், திருந்திட்டேன்னு ஆவுது. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அவன் கொஞ்ச நேரம் காலில் ஒட்டிய உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "சரி, வுடு," என்றான். பிறகு என்னைப் பார்த்து, "இவ இப்டிதான் மேடம். கல்யாணத்தன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்," என்றான்.

உப்பு முதன்முதலாக வாரும் நாளில் எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தி வரப்பில் இந்துக் குடும்பங்கள் எலுமிச்சை வைத்துக் கற்பூரம் ஏற்றும். அதே வரப்பில் நாலடி தள்ளி கிறிஸ்தவக் குடும்பங்கள் மெழுகுவர்த்தி வைக்கும். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தால் கற்பூரத்தில் காட்டிப் பற்ற வைத்துக்கொள்வார்கள். அந்த வருடம் அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரி முடித்து, தாமதமாகத்தான் பாத்தி கட்டினார்கள். ஆனாலும் அதைச் செய்தார்கள். அலுவலரும் அதை வந்து பார்த்தார், பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டார். அங்கே யாரும் யாருக்கும் மெமோ கொடுப்பதில்லை என்பது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். இரண்டே பத்தி. முதலாவது: குறிப்பாணையில் 'காலை நேரப் பணிகள்' என்று மட்டும் உள்ளது, எந்தப் பணி என்று குறிப்பிடப்படவில்லை. எந்தப் பணியை, எந்த நாளில், எந்த உத்தரவின்படி செய்ய மறுத்தேன் என்று எழுத்து மூலம் தெரிவித்தால் விளக்கம் அளிக்கக் காத்திருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டுமானால் அலுவலர் தன் கையெழுத்தின் மேலே 'விளக்கு ஏற்றுதல்' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் அந்தத் தாள் அவர் மீதே குற்றச்சாட்டாக ஆகிவிடும். எழுத மாட்டார் என்று தெரியும்.

இரண்டாவது பத்தியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று; எழுதியபோது இருபது வயது குறைந்தது போலிருந்தது. பதினேழு (அ) என்பது முறையான அரசு ஊழியருக்கான விதி. சில்லறைச் செலவினத்தில் சம்பளம் வாங்கும் பகுதிநேரப் பணியாளரை அந்த விதி தொடாது. பத்து வருடமாக அவளுக்குத் தற்செயல் விடுப்பு கிடையாது, ஊதிய உயர்வு கிடையாது, பணிப்பதிவேடு கிடையாது. கேட்டபோதெல்லாம், நீ அரசு ஊழியர் இல்லை என்றுதான் பதில். தண்டிக்க நினைத்த அவசரத்தில் அதை மறந்துவிட்டு, ஊழியருக்குக் கொடுக்கும் மெமோவைக் கொடுத்துவிட்டார்கள். எனவே எழுதினேன்: இவ்விதிகள் எனக்குப் பொருந்தும் என அலுவலகம் கருதுமாயின், நான் முறையான அரசு ஊழியர் என்பதை அலுவலகமே ஏற்றுக்கொண்டதாகப் பணிவுடன் பதிவு செய்கிறேன்; அதற்கான பலன்கள் அனைத்தையும் வழங்க வேண்டுகிறேன். பொருந்தாது எனக் கருதுமாயின் குறிப்பாணையை ரத்து செய்ய வேண்டுகிறேன்.

படித்துக் காட்டினேன். "ரெண்டுல எது நடந்தாலும் நமக்கு நல்லதா மேடம்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்போ அவரு ரெண்டுத்தையும் பண்ண மாட்டாரு."

அவள் அந்த அலுவலகத்தில் பத்து வருடம் இருந்தவள். அப்படியே நடந்தது. விளக்கத்தைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு சரி. ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. மெமோ நிலுவையில் இருந்தது. ஏப்ரலில் போக வேண்டிய பட்டியல் வேறு ஏதோ காரணத்தால் ஒரு வருடம் தள்ளிப்போனது; அது மட்டும்தான் எங்கள் அதிர்ஷ்டம். நான் மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். அவள் தினமும் பெருக்கினாள், படங்களைத் துடைத்தாள். எழுத்தர் வந்து விளக்கேற்றினார். அவருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அவர் முழுநேரம். ஆயுத பூஜைக்கு அவளைத் தவிர எல்லோருக்கும் பொரி கொடுத்தார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த அக்டோபரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேப்பரில் படித்துவிட்டு, வானூர் போயிருந்தபோது ஒருவரிடம் சட்டத்தின் நகலை வாங்கி, இரண்டு முறை படித்தேன். என் பணிக்காலம் முழுவதும் கோப்பை வெளியே காட்டாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது, கேட்டால் முப்பது நாளில் காட்ட வேண்டுமாம். ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட நல்ல பரிசு ஒன்று கிடையாது.

நவம்பரில் என் பெயரிலேயே விண்ணப்பித்தேன். மூன்று கேள்விகள். அலுவலக வளாகத்தில் மேடை கட்ட அனுமதி அளித்த உத்தரவின் நகல். விளக்கு ஏற்றுதல் துப்புரவுப் பணியாளரின் பணிப்பட்டியலில் உள்ளதா. மேற்படி குறிப்பாணையின் இன்றைய நிலை என்ன.

விண்ணப்பத்தை வாங்கவே ஆள் இல்லை. "இதெல்லாம் எங்களுக்கு இன்னும் சர்க்குலர் வரல மேடம்," என்றார் அலுவலர்.

"சட்டம் வந்துடுச்சு சார். சர்க்குலர் படிப்படியா வரும்."

பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாள் ஆயிற்று, பதில் இல்லை. மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு அனுப்பினேன். ஜனவரி போனது. பட்டியல் மார்ச் கடைசிக்குள் சென்னைக்குப் போகப் போகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் இருந்த என் பழைய சகா ஒருத்தி போனில் சொன்னாள். "அக்கா, பேரு லிஸ்ட்ல பென்சில்ல இருக்கு. மெமோ க்ளியர் ஆனாதான் இங்க்ல எழுதுவாங்க. இல்லேன்னா ரப்பர்தான்," என்றாள். பிப்ரவரியும் போனது. அந்த நாட்களில் அவள் என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்கு, "வந்தா உங்க மொகத்தப் பாக்கணும். நீங்க என் மொகத்தப் பாக்கணும். எதுக்கும்மா?" என்றாள்.

நான் தவறு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஒரு தீக்குச்சி என்று அவன் சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் மேல்முறையீட்டுக்கு இரண்டாவது நினைவூட்டையும் அனுப்பினேன். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. பிரிவு எண்ணும் நாள் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன.

கடைசியில் பழுப்பு உறை ஒன்று வந்தது. மேல்முறையீட்டு அலுவலரின் கையெழுத்து. முதல் கேள்விக்கு: பொருள் குறித்த கோப்பு பரிசீலனையில் உள்ளது. இரண்டாவதற்கு: இல்லை. மூன்றாவதற்கு: நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மேற்படி குறிப்பாணை ரத்து செய்யப்பட்டது, உத்தரவின் நகல் இணைக்கப்பட்டுள்ளது, தகுதிப் பட்டியலில் அவரது பெயர் வரிசை எண் ஒன்றில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆள் அனுப்பி அவளை வரவழைத்தேன். துடைப்பக் கட்டையோடு வந்தாள். வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது பதிலை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இன்னா காரணம்னு போட்டிருக்காங்க?" என்றாள்.

"நிர்வாகக் காரணம்."

"அப்டின்னா?"

"வேற காரணத்தை எழுத வெட்கமா இருக்குன்னு அர்த்தம்."

சிரித்தாள். பிறகு, "மேடைய எடுக்கச் சொல்லலியே?" என்று கேட்டாள். எனக்காகக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்கான பதிலைத் திரும்பப் பார்த்தேன். பரிசீலனையில் உள்ளது. என் அலுவலகத்தில் அப்படி எழுதிய கோப்புகள் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றன. ஆனால் இரண்டாவது மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தொண்ணூறு நாள் கெடு. கடிதத்தின் தலையில் பிப்ரவரி மாதத் தேதி போட்டிருந்தார்கள். உறைக்குள் போவதற்கே அதற்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. கெடு ஓடுவது கடிதம் எழுதிய நாளிலிருந்து இல்லை, கைக்கு வந்த நாளிலிருந்து. பேனாவைத் திறந்து கடிதத்தின் இடது மேல் மூலையில் எழுதினேன். கீழே அவளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

பெறப்பட்டது, 17.3.2006.